தோட்டாவைக் கடைசியில் கேளுங்கள்

"குடூ சுட எந்தத் தோட்டா நல்லது?"

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. குடூ என்பது இங்குள்ள பெரிய இரலை. மே மாதம் பிறந்துவிட்டால் நாள் தவறாமல் யாராவது கேட்பார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். புல் காய்ந்து, முள்மரங்கள் இலை உதிர்த்து, விலங்குகள் கண்ணில் படுகிற பருவம். வேட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் வருவார்கள்.

கேட்டவுடன் நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. உங்கள் பட்டியலிலேயே பெரிய விலங்கு எது, போகிற இடம் புதர்க்காடா வெட்டவெளியா, இதுவரை எதைச் சுட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். மருந்துக் கடையில் மாத்திரை கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே, இவன் எதற்கு நாடி பிடித்துப் பார்க்கிறான் என்பதுபோல் முகம் மாறும்.

நான் தொழில் கற்றது தமிழ்நாட்டில். அங்கே பட்டறைக்கு வந்தவை பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கிய பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்களும் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள்களும்தான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை நம் ஊரில் பழங்கதை. அந்த ரைஃபிள்களில் பல, தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்புவதைத் தவிர வேறு பயணம் கண்டதில்லை. இங்கே கதை வேறு. முறையாக வேலி போட்டுச் சான்று பெற்ற பண்ணைக்குள் இருக்கும் காட்டுவிலங்கு பண்ணைக்காரரின் சொத்து என்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. மாடு மேய்ந்த நிலங்கள் பலவற்றில் இன்று குடூவும் இம்பாலாவும் மேய்கின்றன. வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் பண்ணைக்காரருக்கு வருமானம். இது தர்மமா என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சண்டை பிடிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தச் சண்டையை இங்கே இழுக்கப் போவதில்லை. சுடுவது என்று முடிவாகிவிட்டால் விலங்கு வதைபடாமல் விழ வேண்டும்; என் வேலை அதற்கு மேல் எதுவும் இல்லை.

யானை, காட்டெருமை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் ஆகிய ஆபத்தானவற்றை ஒதுக்கினால் மிஞ்சுகிற இரலைகள், வரிக்குதிரை, வார்த்தாக் என்னும் காட்டுப்பன்றி எல்லாவற்றையும் சேர்த்துச் சமவெளி விலங்குகள் என்கிறார்கள். பெயரை நம்பிவிடக் கூடாது. குடூ பாறைச் சரிவிலும் முட்புதரிலும் வாழ்கிற விலங்கு. அதைச் சமவெளியில் தேடினால் கிடைக்காது. சிக்கல் எடையில் இருக்கிறது. இரலைகளில் ஸ்பிரிங்போக் 40 கிலோ, இம்பாலா கிடா 60 கிலோ. குடூ, கெம்ஸ்போக், நீல வில்டபீஸ்ட் எல்லாம் 200 முதல் 250 கிலோ. வரிக்குதிரை 300ஐத் தொடும். ஈலாந்துக் காளை 700 கிலோவுக்கு மேலும் போகும். ஒரே வாரத்தில், ஒரே ரைஃபிளோடு, இம்பாலாவும் ஈலாந்தும் சுட வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் காடு நம் பட்டியல் வரிசையில் விலங்கைக் காட்டாது. இம்பாலா தேடிப் போன காலையில்தான் ஈலாந்து எதிரே நிற்கும். ஆகவே கணக்கைப் பெரியதிலிருந்து தொடங்க வேண்டும்.

பக்கத்து நாடான நமீபியா இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. குழல் வாயை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், ஸ்பிரிங்போக் மாதிரிச் சிறியவற்றுக்கு 1,350 ஜூல். குடூ, கெம்ஸ்போக், வில்டபீஸ்ட், ஈலாந்துக்கு 2,700 ஜூல். யானை, காட்டெருமைக்கு 5,400 ஜூல். இதில் .243 வின்செஸ்டர் படுகிற பாடு எனக்குப் பிடித்த கணக்கு. அதன் வழக்கமான 100 கிரெய்ன் குண்டு, அதாவது ஆறரை கிராம், வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றலைக் கணக்கிட்டால் 2,600 ஜூல் சொச்சம். மயிரிழையில் தோற்றுப்போகும். அதே கணக்கில் .30-06இன் 180 கிரெய்ன் குண்டு 3,900 ஜூல் தருகிறது, .308 அதைவிடச் சற்றுக் குறைவு. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 5,400ஐயும் தாண்டும்.

இந்த ஜூல் கணக்கு குண்டு புறப்பட்ட இடத்தோடு முடிந்துவிடுகிறது. தோலைத் துளைத்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. தோட்டா என்பது பித்தளைக் கூடு, ப்ரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது. விலங்கைத் தொடுவது குண்டு ஒன்றுதான். வாடிக்கையாளர்கள் மணிக்கணக்காகப் பேசுவதோ கூட்டின் நீளத்தையும் மருந்தின் அளவையும்.

வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பண்ணைகளின் தோலுரிக்கும் கொட்டகைக்குப் போய்விடுவேன். வில்டபீஸ்ட்டைக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். குண்டு நுழைந்த பக்கத்துக்கு எதிர்த் தோளில், தோலுக்கடியில் சின்னப் புடைப்பு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். தோலுரிக்கிறவர் கத்தி முனையால் கீறினால் குண்டு உள்ளங்கையில் விழும். கழுவி எடுத்துவந்து, மருந்து நிறுக்கும் தராசில் வைப்பேன். மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் அடைத்த சாதாரணக் குண்டு, வேகமான மேக்னத்திலிருந்து ஐம்பது மீட்டரில் போய்த் தோள் எலும்பில் மோதியிருந்தால், உறை வேறு ஈயம் வேறாகப் பிய்ந்து, 180 கிரெய்னில் பாதிகூட மிஞ்சியிருக்காது. பல நேரம் எதிர்ப்பக்கம் வரைகூட வந்திருக்காது. ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் மாதிரி உறையும் ஈயமும் பிணைந்த குண்டு என்றால் முன்பாதி மட்டும் விரிந்து, பின்பாதி அப்படியே நின்று, தராசு முள் 150க்கு மேல் காட்டும். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தபின் பேச்சு பாதியாகக் குறைகிறது.

கெட்டியான குண்டு என்கிற யோசனையே இந்தத் தொந்தரவிலிருந்து பிறந்ததுதான். 1946இல் கனடாவில் மூஸ் மான் ஒன்றைச் சுட்ட ஜான் நோஸ்லர், சேறு அப்பிய அதன் தோலில் தன் குண்டுகள் ஆழம் போகாமல் சிதறியதைப் பார்த்தார். அதன்பின் அவர் செய்த பார்ட்டிஷன் குண்டில் நடுவே ஒரு செம்புச் சுவர் இருக்கும். முன்னறை ஈயம் விரிந்து சிதறினாலும் சுவருக்குப் பின்னால் இருப்பது அசையாமல் உள்ளே போகும். பிறகு பார்ன்ஸ் நிறுவனம் முழுச் செம்பிலேயே குண்டு செய்தது. முனையில் குழிவு மட்டும் இருக்கும், பட்டதும் இதழ் இதழாக விரியும். ஈயமே இல்லாததால் காட்டில் விட்டுவரும் குடலைத் தின்ன வரும் பாறுக் கழுகுகளுக்கும் நஞ்சில்லை. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மாட்டு மருந்தால் கழுகுகள் செத்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விமானத்துக்கும் விடுதிக்கும் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, இருபது தோட்டா அடங்கிய பெட்டியில் கொஞ்சம் பணம் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

கெட்டியான குண்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு விலங்கின் உடலமைப்பே காரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மான் சுட்டுப் பழகியவர்களின் கண் தானாகவே தோளுக்குச் சற்றுப் பின்னால் போகும். இங்கே இரலைகளின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னே, முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்காலைப் பிடித்து நேராக மேலே போய், உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். அந்த வழியில் எலும்பு குறுக்கே வரும், குண்டு அதை உடைத்துக்கொண்டு போக வேண்டும். வரிக்குதிரையில் தோள்மேல் வரிகள் கூடி முக்கோணமாகும் இடமே குறி. வில்டபீஸ்ட்டோ ஏமாற்றும். தோள் மேடும் பிடரி மயிரும் சேர்ந்து உடலை உயரமாகக் காட்டுவதால் புதியவர்கள் மேலே சுட்டுவிடுவார்கள். கெவின் ராபர்ட்சன் என்கிற கால்நடை மருத்துவர் 'தி பெர்ஃபெக்ட் ஷாட்' என்ற புத்தகத்தில் ஒவ்வொரு விலங்கின் உள்ளுறுப்புகளும் எங்கே இருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். வாங்காவிட்டாலும் புரட்டிப் பாருங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நீட்டுவேன்.

சரியாகப் பட்ட குடூகூட நின்ற இடத்தில் விழுவது குறைவு. ஐம்பது, நூறு மீட்டர் ஓடித்தான் விழும். தடம் பார்ப்பவர் உடனே பின்னால் போகமாட்டார். குண்டு பட்ட ஓசையை வைத்தே பாதிக் கதையை அவர் முடிவு செய்திருப்பார். பிறகு புல்லில் இருக்கும் இரத்தத்தை விரலில் தொட்டுப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், நிதானமாக நடக்கலாம். கருஞ்சிவப்பென்றால் கல்லீரல். பச்சை கலந்து நாறினால் குடல். அன்றைய நாள் முழுக்க நடை. அப்போது ஜாக் ரஸ்ஸல் நாய் எங்கே என்று கேட்பார்கள். இந்தப் பகுதியில் காயம்பட்ட விலங்கைத் தேடுவதில் அந்தக் குட்டை நாயை மிஞ்ச ஆளில்லை.

இடம் சரியாக இருந்தால் சின்னக் குண்டும் போதும் என்பதற்கு இங்கே எல்லோரும் இழுக்கும் பெயர் கரமோஜோ பெல். 1892இல் வந்த 7×57 மௌசர் தோட்டாவை, கெட்டி உறைக் குண்டோடு வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் யானைகளைச் சுட்டவர். போயர் போரில் விவசாயிகள் ஏந்தியதும் இதே தோட்டாதான், இந்தியாவில் ஜிம் கார்பெட் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்டதும் இதுதான். பெல்லின் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். ஒரு வாரம் விடுப்பில் வருகிறவர் பெல் ஆகிவிட முடியாது. எதிர்முனையில் தியோடர் ரூஸ்வெல்ட் இருக்கிறார். 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது சிங்கத்துக்கென்று .405 வின்செஸ்டரைக் கொண்டுவந்தார். கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அது பழகிய பெயர். ஓசூர், தருமபுரிக் காடுகளில் அவர் தூக்கித் திரிந்ததும் அதே .405தான்.

இனி உதை. தோட்டாவின் பலம் முன்பக்கம் மட்டும் போவதில்லை, தோளிலும் இறங்குகிறது. டர்பனிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். பேச்சு ஆங்கிலத்தில், "அண்ணா" மட்டும் தமிழில் மிஞ்சியிருந்தது. கையில் எடை குறைந்த புது .300 வின்செஸ்டர் மேக்னம்.

"அண்ணா, இது நேராகச் சுடவில்லை. ஸ்கோப்பைப் பாருங்கள்" என்றார்.

பெஞ்ச்சில் மணல் மூட்டைமேல் வைத்து நான் சுட்டேன். மூன்று குண்டும் நெருக்கமாக விழுந்தன. "ரைஃபிளில் ஒன்றும் இல்லை தம்பி. நீங்கள் வேட்டையில் ஊன்றும் முக்காலிக் கம்பில் வைத்து நின்று சுடுங்கள்" என்று, என் கையாலேயே தோட்டா போட்டுக் கொடுத்தேன். இரண்டாவதோ மூன்றாவதோ, மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை நடுவில் சொருகிவிட்டேன். அவர் விசையை அழுத்தினார். 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத ரைஃபிளின் முனை ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. கண் இறுக மூடியிருந்தது.

அவர் சிரித்துவிட்டார். "இன்னொன்று போடுங்கள் அண்ணா" என்றார். மறுபடியும் அதே.

ஸ்கோப்பில் குறையே இல்லை. வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து ரைஃபிளைத் தள்ளுகிறது. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பு செய்வது நியாயமான வேலைதான். அவர் அந்த மேக்னத்தை விட மனமில்லாதவர். ஆகவே கட்டையின் பின்னால் நல்ல ரப்பர் மெத்தை வைத்து, அவர் கை நீளத்துக்குக் கட்டையைக் குறைத்து, குழலில் மரை வெட்டி சைலன்சர் மாட்டிக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் சைலன்சர் சாதாரணப் பொருள். சத்தத்தையும் குறைக்கும், உதையையும் கணிசமாகக் குறைக்கும். என் யோசனையைக் கேட்டிருந்தால் செலவு மிச்சம்; ஒரு .308 வாங்கியிருக்கலாம்.

ரைஃபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1898இன் மௌசர் போல்ட்டில் இருக்கும் நீண்ட நகம் தோட்டாவை மேகசினிலிருந்து வரும்போதே பிடித்துக்கொள்ளும். காட்டெருமை எதிரே வரும்போது அது உயிர் காக்கும் விஷயம். இம்பாலா எதிர்த்து வராது. எனவே சமவெளி விலங்குக்கு எந்த ஒழுங்கான போல்ட் ரைஃபிளும் போதும். பார்க்க வேண்டியது அளவு. தோளில் வைத்ததும் கழுத்தை நீட்டாமல், குனியாமல் ஸ்கோப் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகில் இருந்தால் உதையில் புருவத்தில் பிறை வடிவில் வெட்டு விழும். அந்தத் தழும்போடு கடைக்கு வருகிறவர்களை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வேன். பெருக்கம் அதிகமான ஸ்கோப் வேண்டாம். இரண்டு, மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடிவது ஏராளம். முட்புதரில் எண்பது மீட்டரில் நிற்கும் குடூவை இருபது மடங்கு பெருக்கினால் பழுப்பு மயிர் மட்டும்தான் தெரியும். எண்ணெயையும் கொட்டாதீர்கள். கலஹாரிப் புழுதி எண்ணெயில் ஒட்டிப் போல்ட்டை அரைக்கும். விமானத்தில் வந்த ரைஃபிளின் திருகுகள் தளர்ந்திருப்பது சகஜம். வந்திறங்கியதும் முதல் வேலை திருகு முடுக்கிப் பார்ப்பது, இரண்டாவது வேலை காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது. .30-06ஐ 100 மீட்டரில் 5 சென்டிமீட்டர் மேலே விழும்படி வைத்தால், 200இல் குறியிலேயே விழும், 300இல் ஒரு சாண் கீழே போகும். 300 மீட்டரில் சுடாதீர்கள் என்பது என் கட்சி.

இவ்வளவுக்கும் பிறகுதான் தோட்டாவின் பெயர். 1906இன் .30-06 அல்லது 1952இன் .308, கெட்டியான 165 அல்லது 180 கிரெய்ன் குண்டோடு, ஈலாந்து நீங்கலாக எல்லாவற்றுக்கும் போதும்; நெருங்கிப் போய்ச் சுடத் தெரிந்தால் ஈலாந்துக்கும் போதும். 1933இல் ஹெமிங்வே தாங்கனிக்காவுக்குக் கொண்டுவந்ததும் .30-06தான். இதில் எனக்குச் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. .270, 7×57 பழகியவர்கள் மாற்ற வேண்டாம், குண்டை மட்டும் மாற்றினால் சரி. 6.5 கிரீட்மூர் நமீபியச் சட்டத்தைத் தாண்டுகிறது, வெட்டவெளியில் சுகமான தோட்டா. ஆனால் ஈலாந்துக்கு அதைக் கொண்டுபோகிறவரோடு நான் நடக்கமாட்டேன். ஈலாந்தும் வரிக்குதிரையுமே முக்கியம் என்றால் என் கை போவது 9.3×62 பக்கம். ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் சாதாரண மௌசரிலேயே பொருந்தட்டும் என்று பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ போக் 1905இல் செய்தது. கனமான குண்டு, அளவான வேகம், இறைச்சி பாழாகாது. .375 அதே வேலையை இன்னும் உதையோடு செய்யும். காட்டெருமையும் பட்டியலில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

தூர தேசத்திலிருந்து சொந்த ரைஃபிளைக் கொண்டுவருவதென்றால் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம், பூட்டிய கெட்டிப் பெட்டி, ஐந்து கிலோவுக்கு மேற்படாத தோட்டா என்று சடங்குகள் உண்டு. பெட்டி வந்து தோட்டா வராமல் போவதும் நடக்கும். அன்று .308 வைத்திருப்பவருக்கு எந்தச் சிற்றூரிலும் வழி பிறக்கும். அரிய பெயர் கொண்ட தோட்டாக்காரருக்குப் பிறக்காது. பண்ணையிலேயே ரைஃபிளை வாடகைக்கு எடுப்பது இப்போது பெருகிவருகிறது, நானும் அதையே சொல்கிறேன். எடுத்தால், அதில் போட்டிருக்கும் குண்டு எது, எத்தனை கிரெய்ன் என்று கேளுங்கள். மூன்று தோட்டாவாவது முக்காலியில் வைத்து நின்று சுட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏறாதீர்கள். பண்ணையின் ஒப்பந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்கும்: ஒரு சொட்டு இரத்தம் தரையில் விழுந்தால், விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம். கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துவிடுங்கள்.